படகு மோட்டார் ஏன் பாதியில் நிற்கிறது?

ஏரியின் நடுவே படகு மோட்டார் திடீரென்று நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள்? பெரும்பாலோர் இழுகயிற்றைப் பிடித்து மூச்சு வாங்கும் வரை இழுத்துக்கொண்டே இருப்பார்கள். சாலையில் கார் நின்றால் ஓரமாகத் தள்ளிவிட்டு இறங்கிக்கொள்ளலாம். தண்ணீரில் ஓரம் என்பது கிடையாது. காற்றும் நீரோட்டமும் படகைத் தமக்குப் பிடித்த பக்கம் கொண்டுபோய்விடும். அதனால்தான் பழைய மோட்டாரை வைத்திருப்பவர், அது ஏன் நிற்கிறது என்பதைக் கரையிலேயே கண்டுபிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த வாரம் அதைத்தான் பார்க்கப் போகிறோம். பாடத்துக்கு எடுத்துக்காட்டாக என் தாய்மாமாவின் மோட்டாரையே எடுத்துக்கொள்கிறேன். அந்த மோட்டார் நின்றதற்குக் காரணம் நான்தான் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

மாமா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறியபின் வேறு வேலைக்குப் போனார். இப்போது ஓய்வில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் செண்டரோ ஏரியில் தூண்டில் போடுவது அவருடைய பொழுதுபோக்கு. கோலகங்சாருக்கு வடக்கே பேராக் ஆற்றை மறித்து 1930இல் கட்டி முடிக்கப்பட்ட அணையால் உண்டான ஏரி அது. அவருடைய சிறிய படகின் பின்னால் பழைய 15 குதிரைத்திறன் மோட்டார் ஒன்று இருக்கிறது. இரண்டு வீச்சு இயந்திரம். இரண்டாம் கையாக வாங்கியது.

சென்ற பள்ளி விடுமுறையில் நானும் என் மகனும் அவருடன் போனோம். முழு வேகத்தில் ஓரிரு நிமிடம் ஓடியதும் மோட்டார் இருமியது, தளர்ந்தது, நின்றது. சிறிது நேரம் கழித்து இழுத்தால் ஓடும். வேகம் கூட்டினால் மறுபடியும் நிற்கும். மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மெதுவாக ஓட்டினால் நிற்கவில்லை என்பதால் ஊர்ந்து ஊர்ந்து கரைக்கு வந்து சேர்ந்தோம். அதற்குள் மூவரும் மழையில் தொப்பலாக நனைந்துவிட்டோம்.

மறுவாரம் மாமா புது ஸ்பார்க் பிளக் வாங்கிப் போட்டார். பயனில்லை. பட்டறையில் கொடுத்து கார்புரேட்டரைக் கழுவி வாங்கினார். அதிலும் பயனில்லை. பணம் போனதுதான் மிச்சம். அப்போதுதான் எனக்கு உறைத்தது: வகுப்பில் மாணவர்களுக்கு நாள்தோறும் சொல்லும் முறையை நாங்கள் இருவரும் மறந்துவிட்டிருந்தோம். சோதிக்காமலேயே ஊகித்து ஊகித்துப் பொருள்களை மாற்றிக்கொண்டிருந்தோம்.

இயந்திரத்துக்கு என்ன வேண்டும்?

அவுட்போர்டு மோட்டார் நூறாண்டைத் தாண்டிய கருவி. நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட் 1909இல் உருவாக்கிய மோட்டார்தான் அதை உலகெங்கும் பரப்பியது. அன்று முதல் இன்று வரை பெட்ரோல் இயந்திரத்தின் தேவைகள் மாறவில்லை.

முதலாவது, பெட்ரோலும் காற்றும் சரியான விகிதத்தில் கலந்து வர வேண்டும். ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று தேவை. இரண்டாவது, அந்தக் கலவையைப் பிஸ்டன் நன்றாக அழுத்த வேண்டும். மூன்றாவது, சரியான நொடியில் தீப்பொறி பாய வேண்டும். இரண்டு வீச்சு இயந்திரத்தில் ஒவ்வொரு சுழற்சிக்கும் ஒரு பொறி. நிமிடத்துக்கு 5,000 சுற்று என்றால் ஒரு சிலிண்டரில் நொடிக்கு 83 பொறிகள்! இவற்றோடு, உண்டாகும் வெப்பத்தை வெளியேற்றக் குளிர்ந்த நீரும் ஓட வேண்டும்.

இவற்றில் ஒன்று தடைப்பட்டாலும் மோட்டார் நிற்கும். ஆனால் எது தடைப்பட்டது என்பதைப் பொறுத்து அது நிற்கும் விதம் மாறும். நின்ற விதம்தான் நமக்குக் கிடைக்கும் முதல் தடயம்.

நின்ற விதத்தைக் கவனியுங்கள்

இருமி, தடுமாறி, மெல்லத் தளர்ந்து நின்றால் பெரும்பாலும் எரிபொருள் சிக்கல். கார்புரேட்டருக்குள் ஒரு சிறு கிண்ணம் உண்டு. மேலே இருந்து பெட்ரோல் வருவது குறைந்தாலும் அந்தக் கிண்ணத்தில் உள்ளதைக் குடித்துக்கொண்டு இயந்திரம் சிறிது நேரம் ஓடும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். முழு வேகத்தில் மணிக்கு 6 லிட்டர் குடிக்கும் இயந்திரம் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 100 மில்லிலிட்டர். கிண்ணத்தில் 50 மில்லிலிட்டர் இருந்தால் அரை நிமிடம் தாங்கும். வருகை முழுவதும் நிற்காமல் குறைந்தால் மட்டும், இன்னும் சற்று நேரம் தாங்கும். அதனால்தான் கோளாறு ஒரு நேரத்திலும் இயந்திரம் நிற்பது வேறொரு நேரத்திலும் நடக்கிறது.

விளக்கின் சுவிட்சை அணைத்தாற்போல் சட்டென்று நின்றால் மின்சாரப் பகுதியைச் சந்தேகியுங்கள். முதலில் நிறுத்தும் சுவிட்சில் மாட்டியிருக்கும் பாதுகாப்புக் கயிறு கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து அந்தச் சுவிட்சின் ஒயர் எங்காவது தோலுரிந்து உலோகத்தில் உரசுகிறதா என்று பாருங்கள். பழைய மோட்டார்களில் பொறி உண்டாக்கும் காயில் இன்னொரு சந்தேகப் புள்ளி. சூடானதும் அதனுள் இருக்கும் கம்பி விரிவடைந்து நுண்ணிய வெடிப்பு பிரியும், பொறி நிற்கும். ஆறியதும் மீண்டும் சேர்ந்துகொள்ளும். இத்தகைய காயில் குளிர்ந்த நிலையில் எல்லாச் சோதனையிலும் தேறிவிடும். சூடாக இருக்கும்போதே சோதிக்க வேண்டும்.

வேகம் தானாக இறங்கி, அனல் வீசி, பிறகு இழுகயிறே கனத்துப் போனால் நீர் ஓட்டம் நின்றிருக்கலாம். ஓடும் மோட்டாரின் பக்கவாட்டில் சிறு துளை வழியே நீர் பீய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். குளிர்விக்கும் நீர் ஓடுகிறது என்பதற்கு அடையாளம் அது. அது நின்றால் உடனே மோட்டாரை நிறுத்துங்கள். கோளாறு, அடியிலுள்ள நீர்ப் பம்பின் ரப்பர் இறக்கைகள் தேய்ந்ததாகவோ நீர் நுழையும் வழியில் பாசி அடைத்ததாகவோ இருக்கலாம். இதே காரணத்தால் கரையில் நீரில்லாமல் மோட்டாரை ஓட்டவே கூடாது.

ஒரே அறிகுறிக்கு இரண்டு காரணங்கள் இருக்கக்கூடும். சற்று நேரம் காத்திருந்தால் மீண்டும் ஓடுகிறது என்றால் சூடான காயிலாகவும் இருக்கலாம். பெட்ரோல் தொட்டியின் காற்றுத் துளையாகவும் இருக்கலாம். இறுகிய பால் டின்னை நினைத்துப் பாருங்கள். கடைக்காரர் அதில் ஒரு துளை மட்டும் போடுவதில்லை. எதிரெதிரே இரண்டு போடுவார். ஒன்றில் காற்று உள்ளே போனால்தான் மற்றதில் பால் தடையின்றி வெளியே வரும். பெட்ரோல் தொட்டியும் அப்படித்தான். மூடியில் உள்ள காற்றுத் திருகைத் திறக்க மறந்தால், பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே அழுத்தம் குறையும். பம்பால் இழுக்க முடியாமல் போகும். இரண்டையும் பிரித்தறிய எளிய வழி இருக்கிறது. மோட்டார் நின்றதும் மூடியை மெல்லத் தளர்த்துங்கள். காற்று 'உஸ்' என்று உள்ளே போய், உடனே மோட்டாரும் ஓடினால் காயிலுக்கு இதில் பங்கில்லை.

ரப்பர் குமிழ் சொல்லும் சாட்சி

தொட்டியிலிருந்து மோட்டாருக்குப் போகும் குழாயின் நடுவே கையால் அமுக்கும் ரப்பர் குமிழ் ஒன்று இருக்கும். தொடங்கும் முன் பெட்ரோலை ஏற்றுவதற்காக அதை வைத்திருக்கிறார்கள். கோளாறு தேடுவோருக்கும் அது மிகவும் உதவும்.

மோட்டார் தளரத் தொடங்கும்போது ஒருவர் அதை அமுக்கிக்கொண்டே இருக்கட்டும். மோட்டார் உயிர் பெற்றால் பொறியும் அழுத்தமும் நன்றாகத்தான் இருக்கின்றன. பெட்ரோல் வந்து சேர்வதில்தான் சிக்கல். அமுக்கியும் பயனில்லையென்றால் கவனத்தைப் பொறியின் பக்கமும் கார்புரேட்டரின் உட்புறமும் திருப்புங்கள்.

குமிழ் தானாகச் சப்பிப் போயிருந்தால் அடைப்பு அதற்கு முன்னால், அதாவது தொட்டிப் பக்கம்: காற்றுத் துளை, உறிஞ்சு குழாயின் சல்லடை. எவ்வளவு அமுக்கினாலும் இறுகாமல் தொளதொளவென்று இருந்தால் எங்கோ காற்று புகுகிறது, அல்லது குமிழின் உள்ளிருக்கும் ஒருவழி அடைப்பு பழுதாகியிருக்கிறது. இறுக்கமாக இருந்தும் மோட்டார் பசியோடு நிற்கிறது என்றால் தடை குமிழுக்குப் பின்னால், மோட்டார் பக்கம்.

இன்னொரு எளிய சோதனை: குழாயிலிருந்து சிறிது பெட்ரோலைத் தெளிந்த கண்ணாடிப் புட்டியில் பிடித்துச் சில நிமிடம் அசைக்காமல் வையுங்கள். நீர் பெட்ரோலைவிட அடர்த்தியானது. கலந்திருந்தால் அடியில் தனி அடுக்காகத் தங்கும். நம் நாட்டு ஈரக் காற்றில் பாதி காலியான தொட்டியை மாதக்கணக்கில் வைத்தால் இது நடப்பதுண்டு.

எங்கள் மோட்டார்

இந்த முறையோடு மீண்டும் ஏரிக்குப் போனோம். இம்முறை கரையை ஒட்டியே ஓட்டினோம். துணைக்கு இன்னொரு படகும் இருந்தது. மோட்டார் தளர்ந்தது. மகன் குமிழை அமுக்கினான். மோட்டார் உறுமி எழுந்தது. அமுக்குவதை விட்டான், மீண்டும் தளர்ந்தது. ஆகப் புது பிளக்குக்குக் கொடுத்த காசு வீண்.

குமிழ் சப்பவில்லை, இறுக்கமாகவே இருந்தது. எனவே தொட்டியும் காற்றுத் துளையும் குற்றவாளிகள் அல்ல. குமிழுக்கும் கார்புரேட்டருக்கும் இடையே எஞ்சியவை இரண்டு: ஒரு துண்டுக் குழாய், மோட்டாரின் பெட்ரோல் பம்பு. பம்பு விலை கூடிய பொருள். மாமா பம்பு வாங்கப் புறப்பட்டுவிட்டார். நான் தடுத்தேன். தமிழ்ப்பள்ளியிலேயே நீங்கள் மாறிகளைப் பற்றிப் படித்திருப்பீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மற்றவை அப்படியே இருக்க வேண்டும். துணைப் படகுக்காரரிடம் குழாயை மட்டும் இரவல் வாங்கி மாட்டினோம். அதே தொட்டி, அதே பெட்ரோல், அதே பம்பு. முழு வேகத்தில் கால் மணி நேரம் ஓடியது. ஓர் இருமல்கூட இல்லை. எங்கள் குழாயைத் திரும்ப மாட்டினோம். இரண்டு நிமிடத்தில் நின்றது.

குற்றவாளி அந்தத் துண்டுக் குழாய்தான். அதை மாட்டியவன் நான். ஒரு மாதத்துக்கு முன் பழைய குழாய் வெடித்திருந்தது. என்னிடம் அடுப்பு எரிவாயுச் சோதனைக்குப் பயன்படுத்தும் பழுப்பு நிற ரப்பர் குழாய் ஒரு சாண் இருந்தது. "ரப்பர்தானே மாமா, எதுவானால் என்ன?" என்று சொல்லி மாட்டிக் கொடுத்தேன். அன்று மோட்டார் நன்றாக ஓடியது. அதனாலேயே அதன்மேல் எங்களுக்குச் சந்தேகம் வரவில்லை. கடைசியாக எதை மாற்றினோமோ அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

குழாயைக் கழற்றி நீளவாக்கில் வெட்டிப் பார்த்தோம். சுவர் தடித்து, கொழகொழத்து, நடுத்துளை பாதியாகக் குறுகியிருந்தது. மெதுவாக ஓடும்போது தேவையான சிறிதளவு பெட்ரோல் அதன் வழியே போய்விடும். வேகம் கூட்டினால் பம்பு பலமாக இழுக்கும். மென்மையான சுவர் உட்பக்கம் ஒட்டிக்கொள்ளும். குமிழை அமுக்கினால் பெட்ரோல் உள்ளிருந்து தள்ளி வழியைத் திறக்கும். எல்லா அறிகுறிகளும் பொருந்திவிட்டன.

ஆனால் ரப்பர் ஏன் இப்படி ஆனது? நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மாமா சிரித்தார். "மாப்பிள்ளை, தோட்டத்துல சைக்கிள் டியூப் ஒட்ட என்ன செய்வோம் தெரியுமா? ஒட்டுப்பாலைப் பெட்ரோல்ல ஊறப்போடுவோம். ரெண்டு நாள்ல பசையா ஆயிடும். பால்மரத்து ரப்பருக்குப் பெட்ரோல் ஆகாதுப்பா. என்னைக் கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனே!"

ரப்பரும் பெட்ரோலும்

மாமா சொன்னது முற்றிலும் சரி. கோலகங்சாரில் 1877இல் நடப்பட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்றும் அங்கே மாவட்ட அலுவலகத்தின் அருகே நிற்கிறது. அந்த மரத்திலிருந்து வரும் பாலிலும் உங்கள் ஊர் பால்மரத்தின் பாலிலும் இருப்பது ஒரே பொருள்தான்: கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கோத்த மிக நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள். பெட்ரோலும் கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த சிறு மூலக்கூறுகளின் கலவை. இனம் இனத்தோடு சேரும். பெட்ரோல் மூலக்கூறுகள் சங்கிலிகளுக்கு நடுவே எளிதாகப் புகுந்து அவற்றை விலக்கும்.

பதப்படுத்தாத ஒட்டுப்பாலில் சங்கிலிகள் ஒன்றோடொன்று கட்டப்படவில்லை. அதனால் அது கரைந்து பசையாகிறது. கடையில் வாங்கும் ரப்பரில் கந்தகம் சேர்த்துச் சூடாக்கிச் சங்கிலிகளுக்கு இடையே முடிச்சுப் போட்டிருப்பார்கள். சார்ல்ஸ் குட்யியர் 1839இல் கண்ட முறை அது. முடிச்சு இருப்பதால் ரப்பர் கரையாது. ஆனால் வலை விரிவதுபோல் உப்பும், வலுவிழக்கும். என் குழாய்க்கு நேர்ந்தது இதுதான்.

பெட்ரோல் குழாய்க்கென்று செய்யப்படும் ரப்பரில் பெரும்பாலும் நைட்ரைல் போன்ற செயற்கை ரப்பர் இருக்கும். அதன் சங்கிலிகளில் நைட்ரஜன் உள்ள தொகுதிகள் இடையிடையே அமைந்திருப்பதால் அவை ஒன்றையொன்று மின்னூட்ட ஈர்ப்பால் பிடித்துக்கொள்ளும். பெட்ரோல் எளிதில் புக இடம் தராது. பார்வைக்கு இரண்டும் ரப்பர்தான். குழாயின் மேல் எரிபொருளுக்கு உரியது என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

எங்கள் குழாய் குறுகியதோடு நின்றது எங்கள் நல்ல நேரம். உப்பி வலுவிழந்த குழாய் கிழிந்திருந்தால் சூடான மோட்டார்மேல் பெட்ரோல் கொட்டியிருக்கும். நடு ஏரியில், குழந்தையோடு இருக்கும்போது படகில் தீ! நினைத்தாலே உடம்பு நடுங்குகிறது.

நீங்களே செய்து பாருங்கள்

பெட்ரோலைக் கொண்டு வீட்டில் எந்தச் சோதனையும் செய்யாதீர்கள். அதன் ஆவி கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு பரவித் தீப்பற்றக்கூடியது. அதற்குப் பதிலாகக் குழந்தைகளுக்குப் பூசும் கனிம எண்ணெய், அதாவது 'பேபி ஆயில்' போதும். அதுவும் ஹைட்ரோகார்பன் குடும்பம்தான்.

ஒரே அளவுள்ள மூன்று ரப்பர் பேண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் இழுக்காமல் அளவுகோலில் வைத்து நீளமும் அகலமும் குறியுங்கள். ஒன்றை எண்ணெயிலும் ஒன்றைத் தண்ணீரிலும் போடுங்கள். மூன்றாவதை வெறும் தட்டில் வையுங்கள். இரண்டு நாள் கழித்துத் துடைத்து மீண்டும் அளந்து, மெல்ல இழுத்தும் பாருங்கள். எது உப்பியது? எது எளிதில் அறுகிறது? தட்டில் வைத்தது எதற்காக? விடைகளை ஆசிரியரிடம் காட்டுங்கள்.

படகு வைத்திருப்பவர்களுக்கு

மோட்டார் நின்றால் இழுகயிற்றைத் தொடுமுன் நங்கூரத்தைப் போடுங்கள். படகு நகராமல் இருந்தால்தான் நிதானமாக யோசிக்க முடியும். அணைக்கட்டுப் பக்கம் இது மிக முக்கியம். பாதுகாப்பு அங்கியைக் கரையிலேயே அணியுங்கள். துடுப்பு ஒன்று படகில் எப்போதும் இருக்கட்டும். சுழலியில் கைவைக்குமுன் பாதுகாப்புக் கயிற்றைக் கழற்றிவிடுங்கள். பொறியைச் சோதிக்கும்போது அருகில் பெட்ரோல் ஆவி இருக்கக் கூடாது. அதற்கென்று விற்கும் சிறு சோதனைக் கருவியைப் பயன்படுத்துவது நல்லது.

இரண்டு வீச்சு மோட்டாரில் எண்ணெய்க் கலவை கையேட்டில் சொன்னபடி இருக்க வேண்டும். 50க்கு 1 என்று இருந்தால் 10 லிட்டர் பெட்ரோலுக்கு 200 மில்லிலிட்டர் எண்ணெய். கண்ணளவு வேண்டாம், அளந்து ஊற்றுங்கள்.

ஒரு சிறு குறிப்பேடும் வைத்துக்கொள்ளுங்கள். எந்த நாள் எதை மாற்றினீர்கள், எத்தனை நிமிடத்தில் நின்றது, எப்படி நின்றது என்று எழுதுங்கள். எங்களிடம் அப்படி ஒன்று இருந்திருந்தால் 'குழாய் மாற்றப்பட்டது' என்ற வரி பிளக் வாங்கும் முன்பே கண்ணில் பட்டிருக்கும்.

மாமா இப்போது அந்தக் குறிப்பேட்டைத் தூண்டில் பெட்டியிலேயே வைத்திருக்கிறார். முதல் பக்கத்தில் அவர் கைப்பட எழுதியிருப்பது: 'வாத்தியார் கொடுக்கும் ரப்பரை வாங்காதே.'